மூன்றாவது ஆட்டத்தில் வெளியே போன பந்துகள்

எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் விளையாட்டுக்காரர்கள் இரண்டு வகை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் ஒரு வகை, பாடத்தில் தேறாததை மைதானத்தில் ஈடு கட்டுகிறவர்கள் இன்னொரு வகை. மில் அணி, போலீஸ் அணி, பேங்க் அணி எல்லாம் முதல் வகை. கல்லூரி அணிகள் இரண்டாவது. இரண்டு வகையார் மீதும் எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. யாரும் கேட்காமலேயே சொல்லுவேன்.

ராஜபாளையத்து மில் அணி ஷிப்ட் பார்ப்பது போல ஆடும். தப்பு இருக்காது, தாகமும் இருக்காது. முதல் பந்து எந்த உயரத்தில் வருமோ கடைசிப் பந்தும் அதே உயரத்தில் வரும். கல்லூரிப் பையன்கள் கல்யாணப் பந்திக்கு ஓடுகிற மாதிரி ஆடுவார்கள். எல்லோருக்கும் முதல் வரிசை வேண்டும், பின்னால் நிற்க ஒருவனும் இருக்கமாட்டான். போலீஸ்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லக்கூடாது. அவர்கள் அடித்த பந்தைத் தேட அய்யனார் கோவில் மலை வரைக்கும் ஆள் அனுப்பவேண்டும்.

நான் சொல்வது பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், மர மட்டை, கம்பளி நூலில் சுற்றிய மஞ்சள் பந்து. வெறும் மண் தரையில், கூரையில்லாத வெளியில் ஆடுவது. பந்து லேசானது என்பதால் காற்றும் ஒரு ஆட்டக்காரன்தான், அவன் எந்தப் பக்கம் சேருவான் என்று யாருக்கும் தெரியாது. இறகுப்பந்து ஆடுகிறவர்கள் நாலு சுவருக்குள் ஒளிந்துகொண்டு ஆடுகிறார்கள். வாலிபாலில் உயரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. கபடி எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் நடுவரோடு சண்டை போடும் நேரம் ஆடுகிற நேரத்தை விட அதிகம். பூப்பந்து ஒன்றில்தான் ஒருவனுடைய கண், கை, கால், புத்தி நான்கும் ஒரே நேரத்தில் தெரியும். இதை நான் சொல்லாத ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது இல்லை.

நான் அங்கே ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். சாயங்காலம் முதலாளியிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். எங்கள் ஊர் கிளப் நான் சொன்ன இரண்டு வகையிலும் சேராது. அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, மார்க்கும் கிடையாது. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் மளிகைக் கடைக்காரர், மற்றவர்களும் அப்படித்தான். மட்டைக்கு நரம்பு கட்டும் காசுக்குக்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனாலேயே அவர்களை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கோடைக்கு ஒருதடவை எங்கள் மைதானத்தில் போட்டி நடக்கும். இறுதி ஆட்டத்தில் பெரும்பாலும் நாங்களும் ராஜபாளையத்து மில்லும்தான் நிற்போம். அவர்கள் ஜெயிப்பார்கள். எங்கள் மண்ணில், எங்கள் காற்றில், எங்கள் ஜனங்களுக்கு முன்னால் வருடா வருடம் ஜெயித்துவிட்டுக் கோப்பையை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பத்து மைல்கூட இல்லாத தூரத்துக்கு அந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போகும்.

இதில் எனக்குத் தனியாக ஒரு தலைவலி. என் மனைவி ராஜபாளையத்துக்காரி. அவளுடைய அண்ணன் அதே மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். மச்சானும் பூப்பந்துப் பைத்தியம். இறுதி ஆட்டத்துக்குத் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துப் போட்ட ஒரு பெஞ்சில் நானும் அவரும் ஒட்டி உட்கார்ந்து எதிரெதிர்க் கட்சிக்குக் கத்துவோம்.

"ஒங்க ஊர்ல அஞ்சு பேரும் அஞ்சு திசையப் பாத்து நிக்காக மாப்ளே. எங்காளுகளப் பாருங்க, கை வெரலு மாதிரி சேந்து நிக்காங்க" என்பார்.

"எல்லாம் சம்பளம் வாங்குத வெரலு மச்சான்" என்பேன் நான்.

நாங்கள் தோற்ற பிறகு அவர் கேலி பேசமாட்டார். அதுதான் கொடுமை. அடுத்த வாரம் மாமனார் வீட்டுக்குப் போனால், இலையில் தோசை விழும்போது, "அவுகளுக்கு இன்னொண்ணு வையி, மனசு சரியில்லாம இருப்பாக" என்று தங்கையிடம் சொல்லுவார். அந்தத் தோசையைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் அணியில் நடுவில் நின்று ஆடுகிறவன் மகாராஜபுரத்துப் பையன். அவனை நான் முதலில் பார்த்தது ராஜபாளையத்தில், கல்லூரிகளுக்குள் நடந்த ஒரு போட்டியில். மாமனார் வீட்டு விசேஷத்திலிருந்து நழுவிப் போய்ப் பார்த்தேன். இடது கைக்காரன். பின்னால் விழவேண்டிய பந்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் முன்னாடியே அங்கே போய் நின்றிருந்தான். வலைக்கு அடியில் தரையைத் தொடப்போன ஒரு பந்தைக் குப்புற விழுந்து மட்டை நுனியால் தட்டி எடுத்து, எழுந்திருக்காமலேயே அது எதிர்ப்பக்கம் விழுவதைப் பார்த்தான். முழங்கை முழுக்க மண்ணும் ரத்தமும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் ஆள் இவன்தான் என்று. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு சீக்கிரம் முடிவு சொல்லவில்லை.

அவன் படிப்பு முடிந்ததும் மில்லில் கூப்பிட்டார்கள். ஆட்டத்துக்காக வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அவன் போகவில்லை. எங்கள் கிளப்புக்கு வந்து சேர்ந்தான். சாயங்காலம் மகாராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவான், மட்டையைத் துணிப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டியிருப்பான். அவன் அப்பாவுக்கு உரம் வாங்க ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தபோது, ஏன் மில்லுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"என்னத்துக்குண்ணே. சும்மா நம்ம ஊருக்கு ஆடுவோமேன்னுதான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டினேன் தெரியுமா. யூரியா வாங்க வந்தவர்கள் யூரியாவோடு அந்த வார்த்தையையும் சுமந்துகொண்டு போனார்கள். மச்சானிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நெலம் நீச்சு இருக்குற வீட்டுப் பிள்ள, அவனுக்கு வேல எதுக்கு மாப்ளே" என்பார் அவர். பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவன் கடைக்கு வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து என் அபிப்பிராயங்களைச் சொல்லுவேன். இரண்டாவது பந்தை ஏன் இறக்கி அடிக்கவேண்டும், மேற்குக் காற்று எப்போது திரும்பும், எதிராளியின் வலது பின்மூலை ஏன் காலியாகிறது என்று. "சரிண்ணே, சரிண்ணே" என்று கேட்டுக்கொள்வான். நல்ல பிள்ளை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் எங்களுக்கு நேரம் வந்தது. மில் அணியின் பின்வரிசையில் பத்தாண்டு காலமாகச் சுவர் மாதிரி நின்றவர் முழங்கால் வலி வந்து ஆட்டத்தை விட்டிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவன் நல்ல உடம்புக்காரன், ஆனால் திரும்பவேண்டும் என்றால் முதலில் யோசிப்பான். எங்கள் பையனோ அந்த வருடம் தொட்டதெல்லாம் பொன். அரையிறுதியில் ஒரு கல்லூரி அணியை நிற்கவிடாமல் அடித்தான். இறுதி ஆட்டத்தன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மச்சான், "இந்த வருசம் ஒங்களுக்குத்தான் மாப்ளே" என்றார். அவர் வாயால் அதைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர்களைத் தோற்கடித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு சாகும்வரை தோற்றாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

கூட்டம் குறைவாக இருந்தது. வழக்கமாகச் சுற்றுச்சுவர் மேலே காகம் உட்கார இடம் இருக்காது. அன்றைக்குச் சுவரில் பல்லுப் போன வாய் மாதிரி இடைவெளிகள். பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

"டிவில மேட்ச் ஓடுதுல்லா" என்றார். வெளிநாட்டில் எங்கேயோ இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இங்க ஓடுறது என்னது?" என்றேன். அவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தை மில் எடுத்தது. நான் கவலைப்படவில்லை. அவர்களுக்கு எப்போதும் முதல் ஆட்டத்தில் இயந்திரம் சூடாகவே இருக்கும். இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் பையன் விளையாடியதை இப்போது நினைத்தாலும் முதுகு நிமிர்கிறது. காற்று அவன் முகத்தில் அடித்தது. அந்தக் காற்றையே கூலிக்கு அமர்த்தியது போல வேலை வாங்கினான். மேலே தூக்கிய பந்து எதிர்ப்பக்கம் போகிற மாதிரி போய், நின்று, வலையை ஒட்டிச் செங்குத்தாக விழுந்தது. உடம்புக்காரன் ஓடிவந்து வலையில் முட்டிக்கொண்டான். மச்சான் எழுந்து நின்று கை தட்டினார். எதிர்க்கட்சிக்காரர் கை தட்டினால்தான் அது ஆட்டம். இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் சிறிது இடைவேளை. வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மடியில் டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கப் போன பத்து ஆட்டக்காரர்களும் அவரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எங்கள் பையன் மில் அணித் தலைவரின் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னான். அவர் சிரித்தார். எங்கள் அணித் தலைவரும் சிரித்தார். பிறகு மூன்று பேரும் நடுவரிடம் போய்ப் பேசினார்கள், நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பாத்தீகளா மச்சான், இதாம் பண்பாடு. உள்ள எம்புட்டு அடிச்சிக்கிட்டாலும் வெளிய வந்தா சிரிச்சிக்கிடுதாங்க" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. பையன் அடித்த முதல் பந்து கோட்டுக்கு வெளியே போனது. காற்று என்றேன். இரண்டாவதும் வெளியே போனது. சாயங்கால வெயில் கண்ணில் படுகிறது என்றேன். மூன்றாவதை வலையில் அடித்தான். மட்டை நரம்பு தளர்ந்திருக்கும் என்று எழுந்து நின்று, மட்டையை மாற்றும்படி கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்கு ஆடியவன் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்த நான்தான் கூடத்தைக் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கைந்து பந்துகளுக்குப் பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார். "மாப்ளே, ஒங்காளு பந்தப் பாக்கவே இல்ல."

"தோளு வலி போலருக்கு மச்சான். முந்தாநேத்தே பிடிச்சிக்கிட்டு இருந்தான்." அப்படி ஒன்றும் அவன் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"கம்பத்துக்கிட்ட இருக்காருல்லா, அவரு வெரலப் பாக்கான்."

டிரான்சிஸ்டர்காரர் தலைக்கு மேலே கையைத் தூக்கி நான்கு விரல் காட்டினார். பந்து போடத் தயாராக நின்ற எங்கள் பையன் அதைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எதிர்ப்பக்கம் மில் அணியின் முன்வரிசைக்காரனும் சிரித்தான். பிறகு எங்கள் பையன் பந்தைப் போட்டான். அது வலையில் போய் விழுந்தது.

"வெரசா முடிச்சிட்டுப் போகணும்னு ஆடுதாங்க மாப்ளே. யாரு விடுறதுன்னு பேசி வச்சிருக்காங்க" என்றார் மச்சான்.

எனக்கு வந்ததே கோபம். "செயிக்குற தெம்புல கண்டதையும் பேசாதீக. அவன் மில்லு வேலையே வேண்டாம்னு வந்தவன்" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். கட்டிய பெண்ணின் அண்ணனை நான் அப்படிப் பேசியது அந்த ஒருதடவைதான். அவர் கோபப்படவில்லை. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசிப் பந்து சாதாரணமாக, உயரமாக, அவனுக்கு நேரே வந்தது. குழந்தைகூட அடித்துவிடும். அவன் மட்டையைத் தூக்கவில்லை. பந்து அவன் காலுக்கு முன்னால் விழுந்து லேசாக எம்பி, உருண்டு நின்றது. வலைக்கு அடியில் குப்புற விழுந்து எடுத்தவன்தான் அவன். எல்லோரும் அவசர அவசரமாகக் கை கொடுத்துக்கொண்டார்கள். தோற்றவன் முகமும் தெரியவில்லை, ஜெயித்தவன் முகமும் தெரியவில்லை. மட்டைகளை அள்ளிக்கொண்டு பத்துப் பேரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள்.

மேடையில் கோப்பை இருந்தது, மாலை இருந்தது, பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் இருந்தார். வாங்கத்தான் ஆளில்லை. பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "வெற்றி பெற்ற அணியினர் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைத் தேடுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டாம் பரிசு அணியையும் அதேமாதிரி கூப்பிட்டார்.

மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் முகம் செத்துப் போயிருந்தது. "இப்படிச் செயிச்சுட்டு நான் வீட்ல போயி என்னன்னு சொல்லுவேன் மாப்ளே" என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவரே சந்தோஷப்படவில்லை என்றால் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வாசலில் இருந்த பெட்டிக்கடையில் வலிக்குத் தேய்க்கிற தைலம் ஒரு டப்பி வாங்கிக்கொண்டேன். "எதுக்கு" என்றார் மச்சான். "தோளுக்கு" என்றேன். அவர் என்னோடு நடந்துவந்தார்.

போகிற வழியில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. காசு வாங்கிக்கொண்டு விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி புரிந்துகொண்டிருப்பேன். வீட்டில் கஷ்டம், தங்கச்சி கல்யாணம் என்று அவனுக்காக நானே காரணம் தேடிச் சொல்லியிருப்பேன். மில்லுக்கே வேலைக்குப் போகப் போகிறான், அதற்காக விட்டுக்கொடுத்தான் என்றாலும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். துரோகத்துக்கும் ஒரு விலை இருந்தால் நாம் இழந்ததற்கு ஏதோ மதிப்பு இருந்தது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கலர் டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். சைக்கிள் போக வழியில்லாத கூட்டம். மைதானத்துச் சுவரில் இல்லாதவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். முன்னால் தரையில் இரண்டு அணிக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள், எது எங்கள் பனியன் எது அவர்கள் பனியன் என்று தெரியாதபடி. எங்கள் பையன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மட்டை. ஒரு பந்துக்கு அவன் இடது கையைத் தலைக்கு மேலே வீசிக் கத்தினான். அந்தத் தோளில் ஒரு வலியும் இல்லை.

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. என் சொந்தத் தம்பி சொத்தில் ஏமாற்றியிருந்தால்கூட நடுத்தெருவில் அப்படி நின்றிருக்கமாட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் பின்னால் குனிந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். பயப்படவில்லை, முகம் மாறவில்லை. என்னைக் கண்டதில் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"வாங்கண்ணே, வாங்க. ஏலே, அண்ணனுக்கு எடம் விடுங்கலே. இன்னும் கொஞ்ச ஓவர்தாம்ணே இருக்கு, செயிச்சிருவோம்" என்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் காட்டினான்.

"அங்க தோத்துட்டமே தம்பி" என்றேன்.

"எங்க?" என்றான். பிறகு புரிந்துகொண்டு, டிவியைப் பார்த்தபடியே, சமாதானம் சொல்லுகிற மாதிரி என் முழங்காலைத் தட்டினான். "அட விடுங்கண்ணே. அத எவம்ணே பாக்கான்."

அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். அத்தனை வருடம் டீ வாங்கிக் கொடுத்து, மேற்குக் காற்று எப்போது திரும்பும் என்று சொல்லிக்கொடுத்த என்னிடம் சொன்னான். நான் குனிந்தபடியே நின்றேன்.

பின்னாலிருந்து மச்சான்தான் பேசினார். "நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்ல தம்பி."

அவனுக்கு அது கேட்கவில்லை. அதற்குள் யாரோ சிக்சர் அடித்துவிட்டார்கள், தெருவே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது.